வீட்டுத் தோட்டத்தில் பறங்கிக்காய்: சேர்வராயன் மலைக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

சேலம் ஜில்லாவைச் சேர்ந்த சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள மஞ்சக்குட்டை முதலிய மலையூர்களில் வாழும் குடும்பங்களுக்குக் காப்பியும் மிளகும் பணம் தரும் பயிர்கள். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய காலந்தொட்டு, மலையின் வரவு செலவு பெரும்பாலும் காப்பிப் பழத்தையே பற்றி நிற்கிறது. ஆனால் காப்பிப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை வருவது. அடுப்போ தினந்தோறும் எரிய வேண்டுவது. பழம் பறிக்கும் காலம் முடிந்து பல மாதங்கள் சென்ற பின், ஆடி ஆவணி மழையில், கையில் பணம் குறைந்து, காய்கறி விலை ஏறி நிற்கும் வேளையில் குடும்பத்தார் என்ன உண்கிறார்கள் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் விஷயமாகும்.

அக்காலத்தில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரும் ஒவ்வொரு காய்க்கும் வண்டிச் சத்தம் சேர்ந்தே விலையாகிறது. அவ்வாறு வருவனவும் இரண்டொரு நாளில் வாடிவிடும். மூன்று நான்கு மாதம் கெடாமல் வீட்டிலேயே இருக்கத்தக்க காய் ஒன்று உண்டாயின், அது இம்மலைக் குடும்பங்களுக்கு எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்தகைய காய் பறங்கிக்காய். அதைப் பயிரிடாதார் சிலரே. எனினும் பயிரிடுவோரில் பலர் அதன் முழுப் பயனையும் அடைவதில்லை. முற்றுமுன் அறுத்தல், உலர்த்தாமல் அடுக்கி வைத்தல், எல்லோரும் ஒரே சமயத்தில் சந்தைக்குக் கொண்டு செல்லுதல் ஆகிய மூன்றுமே அதற்குக் காரணம். இம்மூன்றும் செலவில்லாமல் திருத்தக்கூடியவை.

பெயரும் இனமும்

பறங்கி என்னும் சொல் மேனாட்டாரைக் குறித்து வழங்கியது. அமெரிக்காக் கண்டத்தில் தோன்றிய இக்கொடி, கடல் வழியே வந்த ஐரோப்பியர் மூலம் இந்தியாவில் பரவியமையால் இப்பெயர் அமைந்தது. கொங்கு நாட்டில் இதனை அரசாணிக்காய் என்பர். வேறு பல இடங்களில் மஞ்சள் பூசணி என்றும், வெறுமனே பூசணி என்றும் வழங்குவர். திருஷ்டிக்கு உடைக்கும் சாம்பல் பூசணி வேறு இனம். அதனோடு இது கலப்பதுமில்லை. ஆகவே இரண்டையும் அருகருகே பயிரிட்டால் விதை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2 என்னும் இரண்டு ரகங்களை வெளியிட்டுள்ளது. கோ 1 ரகத்தில் காய் ஒன்று 7 முதல் 8 கிலோ வரை நிறுக்கும். பயிர்க்காலம் சுமார் 175 நாள். கோ 2 ரகத்தின் காய் சிறிது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ நிறுக்கும். பயிர்க்காலம் சுமார் 135 நாள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அர்கா சந்தன், அர்கா சூர்யமுகி என்னும் ரகங்களைத் தந்துள்ளனர். இவற்றுள் சூர்யமுகி சிறிய காய் காய்ப்பது. பழ ஈயின் தொல்லையை ஓரளவு தாங்குவது.

வீட்டுத் தோட்டத்துக்குச் சிறிய காய் காய்க்கும் ரகமே உத்தமம். எட்டுக் கிலோக் காயை வெட்டினால் ஐந்து பேர் உள்ள குடும்பம் அதை ஒரே நாளில் உண்டு தீர்க்க முடியாது. வெட்டிய காய் மூன்று நாளில் கெடத் தொடங்கும். இரண்டு கிலோக் காயாயின் ஒரு நாள் சமையலுக்குச் சரியாகும். மற்றவை முழுக்காயாகவே பரண்மீது பத்திரமாயிருக்கும். விருந்துக்கும் விசேஷத்துக்கும் பெரிய காய் வேண்டுவோர் ஒரு குழியில் மட்டும் அதனை இடலாம்.

விதைக்கும் பருவம்

சமவெளியில் ஆனி ஆடியிலும், மார்கழி தையிலும் பறங்கி விதைப்பது வழக்கம். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டுப் பகுதியில் அதனை அப்படியே பின்பற்றலாகாது. மார்கழி தையில் இரவுக் குளிர் மிகுதி. பறங்கி விதை முளைக்க மண்ணில் வெதுவெதுப்பு வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் அது முளைக்காமல் அழுகும். அன்றியும், கடுமழையில் பூ மலர்ந்தால் மகரந்தம் நனைந்து பிஞ்சு நிற்காது.

இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தால், மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ விதைப்பது நலம். குளிர் நீங்கியிருக்கும். கோடை மழை வரும்வரை ஆறு குழிகளுக்கு வேண்டிய நீரைப் பாத்திரம் கழுவும் நீர், அரிசி கழுவும் நீர் முதலியவற்றிலிருந்தே ஊற்றிவிடலாம். சோப்பு மிகுந்த நீர் மட்டும் ஆகாது. சித்திரை வைகாசியில் கொடி பூத்து, ஆனி ஆடியில் காய் முற்றும். பெருமழைக்கு முன்பே பெரும்பகுதி வீட்டுக்கு வந்துவிடும். அதுவே கையில் பணம் குறையும் காலமும் ஆகும்.

இரண்டாந் தவணையாக ஆவணி முதல் வாரத்தில் குறுகிய வயதுள்ள ரகத்தை விதைத்தால் பொங்கலை ஒட்டிக் காய் கிடைக்கும். பொங்கலுக்குப் பறங்கிக்காய் தேவைப்படாத வீடு குறைவு. ஆதலால் விலையும் கிடைக்கும். ஆனால் இத்தவணையில் பூக்கும் காலம் ஐப்பசி மழையில் அகப்படுமாகையால், பின்னர்ச் சொல்லப்போகும் கை மகரந்தச் சேர்க்கை இன்றியமையாதது.

குழியும் எருவும்

குழிக்குக் குழி இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி இடைவெளி விட்டு, ஒவ்வொரு புறமும் ஓரடி அளவுள்ள சதுரக் குழிகள் எடுக்க வேண்டும். ஆறு குழிகளுக்கு 24 சதுர மீட்டர் இடம் போதும். இது அரை சென்ட்டுக்குச் சற்றே அதிகம். வீட்டின் பின்புறம், மாட்டுக் கொட்டிலின் ஓரம், வேலியோரம், பயனற்றுக் கிடக்கும் பாறைச் சரிவு ஆகியவையெல்லாம் ஏற்றவை. பெரிய மரங்களின் நிழல் ஆகாது; காப்பிக்கு நிழல் எத்துணை நன்மையோ பறங்கிக்கு அத்துணைத் தீமை. வீட்டுக்கு அருகே இடுவதில் மற்றொரு லாபமும் உண்டு. காட்டெருமையும் குரங்கும் ஆளரவம் உள்ள இடத்துக்கு வரச் சற்றே தயங்கும்.

சரிவான நிலத்தில் குழியின் மேற்புறம் சிறு வாய்க்கால் ஒன்று வெட்டி மழைநீர் குழிக்குள் பாயாமல் விலக்க வேண்டும். கீழ்ப்புறம் பிறைவடிவில் மண் அணைத்தால் ஊற்றும் நீர் வழிந்தோடாது. ஒவ்வொரு குழிக்கும் மக்கிய தொழு உரம் பத்துக் கிலோ இட்டு மேல்மண்ணுடன் கலந்து நிரப்புக. பச்சைச் சாணம் இடலாகாது. அது வேரைச் சுடுவதோடு புழுக்களையும் வளர்க்கும். மழை மிகுந்த மலைகளில் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. காப்பித் தோட்டத்துக்குச் சுண்ணாம்பு இடும் வழக்கம் அதனால்தான். அவ்வாறே குழிக்கு இரண்டு பிடி அடுப்புச் சாம்பலோ, ஒரு பிடி சுண்ணாம்புத் தூளோ பதினைந்து நாள் முன்னதாகக் கலந்து வைப்பது நன்று. சாம்பலிலுள்ள சாம்பற்சத்து காய் திரள்வதற்கும் உதவும்.

விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து, கதகதப்பான அடுப்படியில் ஒரு நாள் வைத்தபின் ஊன்றினால் ஒருசேர முளைக்கும். குழிக்கு நான்கைந்து விதைகளை ஓரங்குல ஆழத்தில் ஊன்றுக. இரண்டு வாரம் சென்றபின் திடமான இரண்டு கன்றுகளை நிறுத்தி மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். நீக்க மனமில்லாமல் ஐந்தையும் விட்டால் ஐந்தும் இலையாய் வளருமேயன்றிக் காயாய் வளரா. முப்பதாம் நாள் மேலுரமாகச் சிறிது தொழு உரமும், கிடைக்குமாயின் பத்து மடங்கு நீர் கலந்த மாட்டுக் கோமியமும் இடலாம். தழைச்சத்து மிகுந்தால் கொடி செழித்துப் பிஞ்சு குறையும் என்பதை நினைவில் வைக்க.

பூவும் பிஞ்சும்

பறங்கிக் கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு முன்னமே அமைந்திருக்கும். முதலில் ஆண்பூக்களே தோன்றும். பெண்பூக்கள் சில நாள் பிந்தி வரும். ஆகவே முதற் பூக்கள் காயாமல் உதிர்வது கண்டு மனந்தளர வேண்டாம். தாய்க்கொடி நான்கைந்து அடி வளர்ந்தவுடன் அதன் நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடிகள் பிரியும். அவற்றிலேயே பெண்பூக்கள் மிகுதி.

பூ விடியற்காலையில் மலர்ந்து முற்பகலிலேயே கூம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். சேராவிடில் பிஞ்சு மஞ்சளாகி இரண்டு மூன்று நாளில் விழும். எருவும் நீரும் குறைவின்றி இருந்தும் பிஞ்சு நிற்கவில்லையெனின், பெரும்பாலும் தேனீக் குறைவே காரணமாக இருக்கும்.

காப்பி பூக்கும் மாசி பங்குனியில் மலையெங்கும் தேனீக்கள் நிறைந்திருக்கும், பிறகு குறையும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிர் நோய் தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெருவாரியானவற்றை அழித்தது. வளர்ப்போர் பலர் அத்தொழிலைக் கைவிட்டனர். நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்தே பின்னர்த் தேனீ வளர்ப்பு மீண்டது. 1910களில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கேற்ப அமைத்த சிறு பெட்டியைத் தென்னாட்டார் பலரும் அறிவர். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தாரின் கிராமப் புனருத்தாரண நிலையம் ஏழைக் குடும்பங்களுக்குக் கற்பித்த குடிசைத் தொழில்களுள் தேனீ வளர்த்தலும் ஒன்று. நான்கைந்து வீடுகளுக்கு ஒரு பெட்டி இருப்பின் தேனும் கிடைக்கும். பறங்கி, சுரை, பீர்க்கு முதலிய கொடிகளும் காய்க்கும். பூச்சி மருந்து தெளிப்போர் காலையில் தெளியாமல், பூக்கள் கூம்பிய பின் மாலையில் தெளிக்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் விதியாகவே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

தேனீ இல்லாத இடத்திலும், மழைக்காலத்திலும் கையினாலேயே மகரந்தம் சேர்க்கலாம். காலை எட்டு மணிக்குள், அன்று மலர்ந்த ஆண்பூவொன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியின்மேல் மெதுவாகத் தடவுக. ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூக்களுக்குப் போதும். பிள்ளைகள்கூட இதனை ஒரு நாளில் கற்றுக்கொள்வர். மழை மூட்டமாயின், முதல் நாள் மாலையே மலரவிருக்கும் பூக்களின்மேல் தேக்கிலையோ காகிதமோ கவிழ்த்து வைத்தால் மகரந்தம் நனையாது.

மார்கழியில் வாசற் கோலத்தில் சாணப் பிள்ளையார்மேல் வைப்பதற்குப் பூப்பறிப்போர் ஆண்பூவையே பறிக்க. காம்பு மெல்லியதாய், அடியில் பிஞ்சின்றி இருப்பதே பறிக்கத்தக்கது. அதுவும் காலையில் மகரந்தம் சேர்த்தபின் பறித்தால் கோலத்துக்கும் குறைவில்லை, குழம்புக்கும் குறைவில்லை.

சரிவில் காய்க்கும் காய் உருண்டு காம்பொடிவது மலைத் தோட்டங்களில் அடிக்கடி நேர்வது. பிஞ்சு தேங்காய் அளவு ஆனவுடன் அதன் கீழ்ப்புறம் கல் ஒன்று அணைத்து, அடியில் வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பி வைக்க. ஈர மண் படாத காய் அழுகாது.

பூச்சியும் நோயும்

கன்று இரண்டிலைப் பருவத்தில் இருக்கும்போது சிவப்பு வண்டுகள் இலையைச் சல்லடையாக்கும. விடியற்காலைக் குளிரில் அவை பறக்க மாட்டாமல் ஒடுங்கியிருக்கும். அப்போது கையால் பொறுக்கி அழிப்பது எளிது. இலைமேல் சாம்பல் தூவுவதும் அவற்றை விலக்கும்.

பழ ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். உள்ளே புழு நெளியும். பிஞ்சு கோணி அழுகி விழும். விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டால் புழுக்கள் மண்ணுக்குள் இறங்கி மறுபடி ஈக்களாய் எழும். ஆகையால் விழுந்த பிஞ்சுகளைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். நல்ல பிஞ்சுகளைப் பழந்துணியாலோ காகிதத்தாலோ சுற்றிவைத்தல் மலிவான காவல். ஆண் ஈக்களை இழுக்கும் கவர்ச்சிப் பொறிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு வீட்டார் மட்டும் செய்தால் பக்கத்துத் தோட்டத்து ஈ வந்து சேரும். ஊரார் சேர்ந்து செய்தாலன்றிப் பயனில்லை.

இலைமேல் மாவு பூசினாற்போல் வெண்மை படர்வது சாம்பல் நோய். தாக்கிய அடியிலைகளைக் கிள்ளி எரித்து, கொடிகளுக்கிடையே காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். காப்பிக்குப் பயன்படும் தாமிர மருந்தும், கந்தகத் தூளும் கையிருப்பில் உள்ளன என்று அவற்றைப் பறங்கிமேல் தூவிவிடலாகாது. பூசணிக் குடும்பத்துக் கொடிகளின் இலையை அவை கருக்கிவிடும். இலை சுருங்கித் திட்டுத் திட்டாய் மஞ்சளிக்கும் தேமல் நோய்க்கு மருந்தில்லை. அக்கொடியை வேரோடு பிடுங்கி எரிப்பதே மற்றக் கொடிகளுக்குப் பாதுகாப்பு.

அறுவடையும் பாதுகாப்பும்

இதுவே மிக முக்கியமான பகுதி. முற்றாத காயை உடனே சமைத்துண்ணலாம். சேமித்து வைக்க முடியாது. முற்றியதற்கு அடையாளங்கள் நான்கு. காம்பு பச்சை நீங்கித் தக்கைபோல் உலர்ந்திருக்கும். தோலின் பளபளப்பு மங்கியிருக்கும். நகத்தால் அழுத்தினால் தோலில் பதியாது. தரையில் பட்ட பாகம் வெளுப்பு மாறி மஞ்சளாயிருக்கும். பூ மலர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மாதமேனும் ஆகியிருக்க வேண்டும். மலைக் குளிரில் இன்னும் சில நாள் கூடும்.

அறுக்கும்போது இரண்டங்குலக் காம்பு காயோடு நிற்கும்படி கத்தியால் அறுக்க. காம்பு முறிந்த இடமே அழுகலின் வாசல். காம்பைப் பிடித்துத் தூக்கலாகாது. காயை இரு கைகளாலும் ஏந்தி எடுத்துக் கீழே மெதுவாக வைக்க வேண்டும். எறிந்து பிடிப்பதும், சாக்கில் திணித்து உருட்டுவதும் கண்ணுக்குத் தெரியாத காயங்களை உண்டாக்கும். ஒரு மாதத்துக்குப் பின் அவ்விடமே அழுகும்.

அறுத்த காய்களை வெயிலுள்ள நாளில் பத்து நாள் வரை வெளியில் ஒற்றை வரிசையாய்ப் பரப்பி, மாலையில் பனிபடாமல் உள்ளே எடுத்து, தோலை உரப்பாக்க வேண்டும். சிறு கீறல்கள் இக்காலத்தில் தாமே ஆறிவிடும். மழைக்காலமாயின் அடுப்புக்கு மேலுள்ள பரண் அவ்வேலையைச் செய்யும். அதன்பின் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில், மூங்கில் தட்டின்மேல் வைக்கோல் பரப்பி, ஒன்றையொன்று தொடாதபடி வைக்க. வெறுந்தரையிலும், ஈரச் சுவரை ஒட்டியும், ஒன்றன்மேல் ஒன்றாகவும் வைக்கலாகாது. வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மென்மை தட்டிய காயை முதலில் சமையலுக்கு எடுக்க வேண்டும். இவ்வாறு பேணிய முற்றிய காய் மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிற்கும். நன்கு உலர்ந்தது அதற்கு மேலும் நிற்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆறு குழி, குழிக்கு இரண்டு கொடி, கொடிக்கு மூன்றே காய் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 36 காய்கள். காய்க்கு இரண்டு கிலோ வீதம் 72 கிலோ. வாரத்துக்கு இரண்டு காய் சமைத்தால் பதினெட்டு வாரத்துக்கு, அதாவது நான்கு மாதத்துக்கு மேல் வரும். ஆனி ஆடியில் அறுத்தது ஐப்பசி வரை அடுப்புக்குக் கைகொடுக்கும். அரை சென்ட் நிலம் இதைச் செய்யும். ஆனால் காம்போடு அறுத்து உலர்த்தி வைத்தால் மாத்திரமே செய்யும்.

ஆகாரமாகப் பயன்படுத்துதல்

பறங்கிக்காயின் சதையில் பத்தில் ஒன்பது பங்கு நீரே எனினும், அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின் என்னும் பொருள் நம் தேகத்தில் ஏ உயிர்ச்சத்தாக மாறுகிறது. ஏ உயிர்ச்சத்துக் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் உண்டாகும். முற்றினால் கருவிழி கெட்டுப் பார்வையே போகும். நோய்களை எதிர்க்கும் வலிமையும் குன்றும். இதன்பொருட்டே இந்திய அரசாங்கம் 1970இல் குழந்தைகளுக்கு ஏ உயிர்ச்சத்து மருந்து வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மருந்து அதன் காலத்தில் கொடுக்கப்பட வேண்டியதே. ஆயினும் தினசரி உணவில் மஞ்சட்காய்களும் கீரைகளும் சேருமாயின் அக்குறை அணுகாது. சதை எத்துணை ஆழ்ந்த மஞ்சளோ அத்துணைக் கரோட்டின் மிகுதி என்பது பொதுவான அடையாளம். இச்சத்து உடலில் சேர எண்ணெய்ப்பசை வேண்டும். ஆகவே வெந்த காயுடன் ஒரு கரண்டி எண்ணெயோ தேங்காய்த் துருவலோ சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று. வேகவைத்து மசித்த பறங்கி, ஆறு மாதம் கடந்த குழந்தைக்குச் சோற்றுடன் ஊட்ட ஏற்ற உணவு.

கொடியில் வீணாகும் பாகம் ஏதுமில்லை. இளந்தளிரும் இலையும் கீரையாகும். மகரந்தம் எடுத்துக்கொண்ட ஆண்பூக்களைக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கலாம். பிஞ்சைப் பொரியல் செய்யலாம். முற்றிய காய் சாம்பார், கூட்டு, புளிக்குழம்பு, அடை யாவற்றுக்கும் உதவும். கேழ்வரகுக் களிக்குப் பறங்கிக் குழம்பு நல்ல துணை. மிகுந்த காயை மெல்லிய கீற்றுகளாய் அரிந்து வெயிலில் உலர்த்தி வற்றலாக்கலாம். விதையைக் கழுவி உலர்த்தி, வறுத்து உடைத்த பருப்பில் புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உண்டு. நல்ல கொழுப்பும் துத்தநாகச் சத்தும் உண்டு. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பையில் ஒரு பிடி இதனை வைப்பது கடைப் பண்டத்தினும் மேலானது. தோலும் குடலும் மாட்டுக்கு ஆகும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். அரிந்தவுடன் நாவில் சிறிது தொட்டுப் பார்க்கையில் காய் கசந்தால் அதனை உண்ணலாகாது, மாட்டுக்கும் இடலாகாது. பூசணி, சுரை, வெள்ளரி இனங்களில் கசப்பு நச்சுப் பொருளின் அடையாளம். வேகவைப்பதால் அது நீங்குவதில்லை.

விதையும் சங்கமும்

நல்ல விதையை வீட்டிலேயே எடுக்கலாம். நோயற்ற, நன்றாய்க் காய்த்த பல கொடிகளிலிருந்து கொடிக்கு ஒரு காய் வீதம் குறித்து வைத்து முற்றவிடுக. அறுத்தபின் இரண்டு மூன்று வாரம் கழித்து உடைத்தால் விதை திரண்டிருக்கும். கழுவி, மிதக்கும் பதரை நீக்கி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடிய பாத்திரத்தில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் அதற்கு மேலும் முளைக்கும். வெவ்வேறு பறங்கி ரகங்கள் அருகருகே இருந்தால் தேனீ அவற்றைக் கலந்துவிடும். ரகம் மாறாதிருக்க வேண்டுமாயின், மலரவிருக்கும் ஆண்பூ பெண்பூ இரண்டையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டி, மறுநாள் காலையில் கையால் மகரந்தம் சேர்த்து, பெண்பூவை மீண்டும் கட்டிவிட வேண்டும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் காய்க்காது. அதற்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்க வேண்டும். கோ 2 போன்ற ரகங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

ஒரு காயில் முந்நூறு விதை கிடைத்ததென வைத்துக்கொண்டாலும், குழிக்கு நான்கு வீதம் எழுபத்தைந்து குழிகளுக்கு ஆகும். அதாவது பன்னிரண்டு வீடுகளின் தோட்டம். ஆகவே ஓர் ஊருக்கு வேண்டிய விதை ஐந்தாறு காய்களுக்குள் அடங்கும். இதனைத் தனித்தனியே ஒவ்வொருவரும் தேடி அலைவதைவிட, சங்கத்தில் ஒரு விதைப் பானை வைத்து, வாங்கியவர் அறுவடைக்குப்பின் இருமடங்கு திருப்பிக் கொடுக்கும் முறையை ஏற்படுத்துவது எளிது.

விற்பனையிலும் அவ்வாறே. இருபது காயை வைத்துக்கொண்டு தனியொருவர் சேலம் செல்வது வண்டிச் சத்தத்துக்கே ஈடாகாது. வீட்டு வாசலில் வந்து கேட்கும் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க நேரும். முப்பது அங்கத்தினர் ஆளுக்கு இருபது காய் சேர்த்தால் அறுநூறு காய், 1,200 கிலோ. ஒரு சிறு வண்டிக்கு நிறைந்த பாரம். நிறுத்து, தரம் பிரித்து, சங்கத்தின் பெயரால் கொண்டுபோனால் பேரம் பேசும் பலம் உண்டாகும். 1999இல் தமிழ்நாட்டில் ஏற்பட்ட உழவர் சந்தைகளிலும், விளைவித்தவரே நேரில் விற்க வழி உண்டு. எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் விதைத்தால் எல்லாக் காயும் ஒரே வாரத்தில் வந்து விலை சரியும். மூன்று பிரிவாகப் பிரிந்து இரண்டு வார இடைவெளியில் விதைக்கத் தீர்மானித்துக்கொள்ளலாம். அன்றியும் பறங்கி காத்திருக்கக்கூடிய காய். தக்காளி விற்பவர் அன்றே விற்றாக வேண்டும். பரண்மீது உலர்ந்த பறங்கியை வைத்திருப்பவர் அடுத்த மாதத்து விலையைக் கேட்டுக்கொண்டு விற்கலாம். ஏழை விவசாயிக்கு இந்தக் காத்திருக்கும் சக்தி பெரிய பொருள்.

1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை ராஜதானியில் முதற் கூட்டுறவுச் சங்கம் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் ஏற்பட்டபோது, அதன் நோக்கம் கடன்பட்ட குடியானவரை வட்டிக்காரரிடமிருந்து விடுவிப்பதாயிருந்தது. கடன் வாங்குவதற்குச் சேர்வது முதற்படி. கடன் வாங்க வேண்டாதபடி வாழ்வதற்குச் சேர்வது அடுத்த படி. காய்கறிக்காகக் கொடுக்கும் பணம் மிச்சமானால், பருவம் வருமுன் காப்பியை முன்பணத்துக்கு ஒப்புக்கொடுக்கும் நிர்ப்பந்தமும் அவ்வளவுக்குக் குறையும்.

ஆகவே மாசி மாதக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று காரியங்களைத் தீர்மானித்துக்கொள்வது நலம்: விதைப் பானைக்குப் பொறுப்பாளர் யார், எந்த வீடுகள் எந்த வாரத்தில் விதைப்பது, ஆனியில் நிறுவைக்கும் வண்டிக்கும் ஏற்பாடு யாது என்பன. மற்றவை மண்ணும் மழையும் தேனீயும், வீட்டுப் பெண்மக்களின் கைத்திறனும் செய்துகொள்ளும்.